ஐந்து ரூபாய் மருத்துவருக்குப் பிறகு: வடசென்னை உழைப்பாளர்களின் சிகிச்சை உரிமை

2018 டிசம்பரில் பழைய வண்ணாரப்பேட்டையில் மருத்துவர் எஸ்.ஜெயச்சந்திரன் காலமானபோது அப்பகுதியே தெருவில் திரண்டது. 2020 ஆகஸ்டில் வியாசர்பாடியின் மருத்துவர் திருவேங்கடம் வீரராகவன் மறைந்தபோது, ஊரடங்குக் காலமாக இருந்தும், அதே துயரம் மீண்டும் நிகழ்ந்தது. இருவரையும் மக்கள் ஒரே பெயரால் அழைத்தனர்: ‘ஐந்து ரூபாய் டாக்டர்’. இருவருமே இரண்டு ரூபாய்க் கட்டணத்தில் தொடங்கியவர்கள். பல பத்தாண்டுகள் கழிந்தும் ஐந்து ரூபாய்க்கு மேல் கேட்காதவர்கள். ஸ்டான்லியில் பயின்ற திருவேங்கடம், செலவின்றித் தாம் பெற்ற கல்விக்குச் செய்யும் கைம்மாறாகவே தம் பணியைக் கருதினார்.

அவர்களுக்கு அஞ்சலி செலுத்திய கட்டுரைகள் பல வந்தன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை கேட்காத ஒரு கேள்வி உண்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் சில கிலோமீட்டர் தொலைவில், ஒரு ரூபாயும் வாங்காத ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. தண்டையார்பேட்டையில் அரசு புறநகர் மருத்துவமனை இருக்கிறது. மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. இலவசம் பக்கத்திலேயே இருக்கும்போது, கையில் காசில்லாத மக்கள் ஏன் ஐந்து ரூபாய் கொடுத்து இரவு நேரத்தில் ஒரு சிறு கிளினிக்கின் வாசலில் காத்திருந்தனர்?

இக்கேள்விக்கு விடை தேடினால், காப்பீடற்ற ஏழை உழைப்பாளிக்கு அண்மை மருத்துவமனை என்பது என்ன பொருள் தருகிறது என்பதும், அரசின் திட்டங்கள் எந்த இடத்தில் அவர்களைக் கைவிடுகின்றன என்பதும் தெளிவாகும். ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக, ஆலைப் பகுதிகளில் தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் என்ற முறையில் நாம் கண்டவற்றையும், சட்டம் சொல்வனவற்றையும் இங்கே முன்வைக்கிறோம்.

இலவசத்தின் விலை

இலவச மருத்துவத்திற்கும் ஒரு விலை உண்டு. அது ஒரு நாள் கூலி.

காசிமேட்டில் மீன் சுமப்பவர், கன்டெய்னர் யார்டில் ஏற்றி இறக்குபவர், தெருவைத் துப்புரவு செய்பவர், மணலியிலும் எண்ணூரிலும் ஒப்பந்தக்காரரின் கீழ் ஷிப்டு பார்ப்பவர் ஆகிய எவருக்கும் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு நடைமுறையில் இல்லை. பெரிய மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு காலை வேளையில் நடக்கிறது. சீட்டு எடுக்க ஒரு வரிசை, மருத்துவரைக் காண ஒரு வரிசை, இரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை, மருந்து வாங்க ஒரு வரிசை. முடிவைக் காட்ட மறுநாள் வரவேண்டும். எண்ணூரிலிருந்து ஸ்டான்லிக்கு வருபவர் லாரிகள் நெருக்கும் நெடுஞ்சாலையில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்தாக வேண்டும். ஆக, காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க இரண்டு நாள் கூலியும் ஆட்டோச் செலவும் போகின்றன.

ஐந்து ரூபாய் மருத்துவர் வேலை முடிந்து வரும் நேரத்தில் இருந்தார். நடந்து போகும் தொலைவில் இருந்தார். நோயாளியின் பெயரை அறிந்திருந்தார். குறைந்த கட்டணத்தோடு இம்மூன்றும் சேர்ந்தே அந்தக் கிளினிக்குகளை உயிருள்ளவையாக ஆக்கின.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சாதியும் தொழிலும் ஒன்றோடொன்று பிணைந்த ஒரு நகரத்தில், கழிவோடு வேலை செய்து வரும் ஒருவரைத் தயக்கமின்றித் தொட்டு நாடி பார்க்கும் மருத்துவர் தருவது மருந்து மட்டுமன்று. முகம் சுளிக்காத வரவேற்பும் சிகிச்சையின் ஒரு பகுதியே. முகச்சுளிப்புக்கு ஆளானவர்கள் அடுத்தமுறை நோய் முற்றும்வரை வருவதில்லை.

இத்தகைய சேவையை அரசு செய்யவே முடியாது என்பதில்லை. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கம், ஏறத்தாழ 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அளவை வகுத்தது. தமிழ்நாடு அரசு அதற்கும் கீழே இறங்கி 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்களை அறிவித்து, அவற்றில் 500ஐ 2023 ஜூனில் திறந்தது. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு பணியாளர் என்பது அவற்றின் அமைப்பு. காலை 8 முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் இயங்கவேண்டும் என்பது அறிவிப்பு. 1995 முதல் இயங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் முறையால் அரசு நிலையங்களுக்கு மருந்து இலவசமாகச் செல்கிறது. மாலை நேரமும், நடை தொலைவும், இலவச மருந்தும் காகிதத்தில் வந்துவிட்டன. ஐந்து ரூபாய் மருத்துவரின் பாடத்தை அரசு கற்றிருக்கிறது என்றே சொல்லலாம். அந்த மாலை 4 முதல் 8 வரையிலான மணிநேரங்களில் மருத்துவரின் நாற்காலி நிரம்பியிருக்கிறதா என்பதே ஒவ்வொரு வட்டத்திலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

காப்பீட்டு அட்டை எதைக் காக்கிறது?

“காப்பீட்டு அட்டைதான் இருக்கிறதே, பிறகென்ன?” என்று மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது பெரும் சாதனையே. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சை அதில் உண்டு. இதய அறுவை சிகிச்சையாலும் புற்றுநோய்ச் சிகிச்சையாலும் கடனில் மூழ்கவிருந்த குடும்பங்களை அது காத்திருக்கிறது.

ஆனால் அத்திட்டம் அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்து பெறும், பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கானது. சில பரிசோதனைகளும் தொடர் சிகிச்சைகளும் அதில் உண்டு. காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு, தோல் அரிப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்காக ஒருவர் மாதந்தோறும் செலவிடும் பணத்தை அந்த அட்டை தருவதில்லை. ஏழைக் குடும்பத்தின் பையைக் காலி செய்வதோ பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுதான். கவனிக்கப்படாத சர்க்கரை நோய் காலை இழக்கும் நிலைக்கு வந்தபின் காப்பீடு அறுவை சிகிச்சைக்குப் பணம் தருகிறது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளின் மாத்திரையும் பரிசோதனையும் அண்மை நிலையத்தின் பொறுப்பு. அந்த நிலையம் செயலிழந்தால் காப்பீட்டின் செலவும் கூடும், மனிதரின் காலும் போகும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இவ்விடைவெளியை உணர்ந்து வந்த திட்டம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீட்டிலேயே மருந்து தருகிறது. பகலில் வீட்டில் இல்லாத தொழிலாளர்கள் அதிலும் விடுபட்டதால்தான் 2024இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ பணியிடங்களுக்குச் சென்றது. எனினும் நிறுவனத்தின் வாயிலுக்குள் பெயர்ப் பதிவோடு நிற்கும் தொழிலாளரை அது அடைவது எளிது. வாயிலுக்கு வெளியே அன்றாடம் மேஸ்திரி அழைத்துச் செல்லும் தொழிலாளரை அடைவது அரிது.

அட்டை பெறுவதிலும் தடைகள் உள்ளன. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். வாடகை வீட்டில் முகவரி மாறிக்கொண்டே இருப்பவர், கணவரின் குடும்ப அட்டையிலிருந்து பிரிந்து வந்த பெண், மறுகுடியமர்வு என்ற பெயரில் பெரும்பாக்கத்திற்கோ கண்ணகி நகருக்கோ அனுப்பப்பட்டு வேலைக்காக மீண்டும் வடசென்னைக்கே வந்து தங்குபவர் ஆகியோரிடம் இந்த இரண்டு தாள்களும் ஒரே முகவரியில் இருப்பதில்லை. ஆறு மாதங்களுக்கு மேல் தமிழகத்தில் வசிக்கும் வெளிமாநிலத் தொழிலாளரையும் உரிய அதிகாரியின் பரிந்துரையோடு சேர்க்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் வேலையளிப்பவரோ, அப்படி ஒரு தொழிலாளி தம்மிடம் இல்லை என்றே பல வழக்குகளில் எழுதித் தருகிறார்.

இ.எஸ்.ஐ.: உரியவருக்கு எட்டாத உரிமை

தொழிலாளருக்கான மருத்துவக் காப்பீடு இந்நாட்டில் யாரும் போட்ட பிச்சையன்று. அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், பேராசிரியர் பி.பி.அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையே 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்திற்கு அடித்தளம். தொழிலாளி நோயுறுவது அவருடைய தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்ற பார்வையை நீக்கி, அதை உற்பத்தியின் செலவாகக் கணக்கிட்டது அச்சட்டம்.

இன்று மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர் இ.எஸ்.ஐ.யின் கீழ் வருகிறார். தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு, வேலையளிப்பவரின் பங்கு 3.25 விழுக்காடு. இதற்கு ஈடாகத் தொழிலாளிக்கும் குடும்பத்திற்கும் புறநோயாளிச் சிகிச்சை உட்பட முழு மருத்துவம் உண்டு. தகுதிக் காலம் நிறைந்தால் நோய்க் காலத்தில் ஊதியத்தின் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டில் இல்லாத இரண்டும், அதாவது அன்றாட மருத்துவமும் இழந்த கூலியும், இங்கே கிடைக்கின்றன.

வடசென்னையின் ஒப்பந்தத் தொழிலாளர்களில் பலரிடம் இ.எஸ்.ஐ. எண் இல்லாததற்குச் சட்டம் காரணமன்று. ஒப்பந்தக்காரர் பெயரைப் பதிவதில்லை, அல்லது ஊதியத்தில் பிடித்துவிட்டுக் கட்டுவதில்லை. இங்கே மாணவர்களும் களப்பணியாளர்களும் மூன்று விதிகளை மனத்தில் கொள்ளவேண்டும்.

முதலாவது, ஒப்பந்தத் தொழிலாளியின் பங்களிப்பைக் கட்டும் முதற்பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருடையது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. கட்டியபின் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்வது அவர்களுக்குள்ளான கணக்கு. “அவர் எங்கள் ஆள் இல்லை” என்ற பதில் இவ்விடத்தில் செல்லாது.

இரண்டாவது, பதிவு இல்லை என்பதாலேயே காப்பீடு இல்லை என்று ஆகிவிடாது. தமிழகத்திலிருந்து சென்ற பாரகத் எஞ்சினியரிங் வழக்கில், பதிவுப் படிவம் அனுப்பப்படும் முன்பே இறந்த தொழிலாளியும் காப்பீடு பெற்றவரே என்று உச்சநீதிமன்றம் கூறியது.

மூன்றாவது, வேலையளிப்பவர் பங்களிப்பைக் கட்டாமல் விட்டதால் தொழிலாளியின் பயன் பாதிக்கப்பட்டால், கழகம் பயனை அளித்துவிட்டு அவரிடம் வசூலிக்க 68ஆம் பிரிவு வழி செய்கிறது. இச்சட்டத்தின் இடத்தை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் எடுத்துக்கொள்ளும் இக்காலத்தில், இந்தப் பாதுகாப்புகள் ஒவ்வொன்றும் புதிய விதிகளில் தொடர்கின்றனவா என்று கண்காணிப்பது நம் கடமை.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க.நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகையின் வாசலில் 13 நாட்கள் அமர்ந்திருந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். தனியார்மயத்தை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் நடந்த அப்போராட்டத்தினரை நள்ளிரவில் கைது செய்து அகற்றிய மறுநாள், தொழில்சார் நோய்களுக்கான சிகிச்சைத் திட்டம் உள்ளிட்ட சலுகைகளை அரசு அறிவித்தது. வேலை யாருடையது என்ற கேள்வியும், நோய் யாருடைய பொறுப்பு என்ற கேள்வியும் ஒன்றே என்பதைப் பெரும்பாலும் தலித் பெண்களான அப்பணியாளர்கள் நன்கறிவர். சிகிச்சைத் திட்டம் வரவேற்கத்தக்கது. அது நிரந்தரப் பணியாளருக்குரிய உரிமைக்கு மாற்றாக முன்வைக்கப்படுவதை ஏற்க இயலாது.

சீட்டில் எழுதப்படாத தொழில்

எம்மிடம் ஒருமுறை ஒரு தொழிலாளி பிளாஸ்டிக் பை நிறைய மருத்துவச் சீட்டுகளோடு வந்தார். ஆண்டுக்கணக்காக நிலக்கரி ஏற்றி இறக்கும் இடத்தில் ஒப்பந்த வேலை. இப்போது பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இழப்பீடு கோரினோம். அந்தப் பையிலிருந்த சீட்டுகள் அனைத்தும் உண்மையானவை. ஒவ்வொன்றிலும் பெயரும், வயதும், இருமல் என்ற குறிப்பும், மருந்தின் பெயரும் இருந்தன. அவர் என்ன வேலை செய்கிறார் என்று ஒன்றில்கூட எழுதப்பட்டிருக்கவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டது ஒரே கேள்விதான்: இந்த இருமல் வேலையால் வந்தது என்று எந்த மருத்துவராவது எழுதியிருக்கிறாரா? புகைப்பழக்கம் உண்டு என்று ஒரு சீட்டில் மட்டும் குறிப்பு இருந்தது. அதுவே அவருக்கு எதிரான சான்றாயிற்று. கோரியதில் ஒரு சிறு பகுதிக்கு உடன்பட்டு வழக்கை முடிக்கவேண்டியிருந்தது.

அண்மை மருத்துவ நிலையத்தின் மிக முக்கியமான, பேசப்படாத பணி இதுதான்: சாட்சியம். ஒரு பகுதியின் நோய்களை முதலில் காண்பது அந்நிலையமே. அங்கே தொழிலும் பணியிடமும் பதியப்பட்டால், எந்த ஆலையின் தொழிலாளருக்குத் தோல் வெடிக்கிறது, எந்த யார்டில் வேலை செய்வோருக்கு மூச்சிரைக்கிறது, எந்தத் தெருவில் குழந்தைகளுக்கு இளைப்பு கூடுகிறது என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். பதியப்படாவிட்டால் ஒவ்வொரு நோயாளியும் தனி மனிதராகவே இருமிக்கொண்டு இறந்துபோவார்.

இப்பதிவு வெறும் நல்லெண்ணக் கோரிக்கையன்று. தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவு, பட்டியலிடப்பட்ட தொழில்சார் நோய் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இருப்பதாகக் கருதும் மருத்துவர், அதை எழுத்து மூலம் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று விதித்தது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலும் இக்கடமை இடம்பெற்றிருக்கிறது. ஈய நச்சு, சிலிக்கோசிஸ், ஆஸ்பெஸ்டோசிஸ், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு முதலியன அப்பட்டியலில் அடங்கும். மருத்துவர் கேட்கவேண்டியது “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்ற ஒற்றைக் கேள்வியே.

எண்ணூருக்கு இக்கேள்வி ஏன் அவசரமானது என்பதற்கு வரலாறு உண்டு. 2011இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையையடுத்து, நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்படுவது சென்னைத் துறைமுகத்தில் நின்று, எண்ணூர் பக்கம் நகர்ந்தது. நகரின் மையத்தில் படிந்த தூசு குறைந்தது நன்று. ஆனால் தூசு மறையவில்லை. அனல் மின் நிலையங்களின் சாம்பலோடு ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த மக்களின் பக்கம் அது சென்றது.

2023 டிசம்பர் இன்னொரு பாடம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் அதை அள்ளினர். அம்மாதமே 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய இரவில் முதல் அரைமணி நேரம் உயிரைத் தீர்மானிக்கும். கண்ணையும் தோலையும் தூய நீரால் கழுவவும், ஆக்சிஜன் கொடுக்கவும் அருகில் ஓர் இடம் வேண்டும். மாலை 8 மணியோடு மூடும் நிலையத்தால் நள்ளிரவுக் கசிவை எதிர்கொள்ள இயலாது. ஆலைகள் 24 மணிநேரம் இயங்கும் பகுதியில் மருத்துவம் மட்டும் 8 மணிநேரம் இயங்குவது நியாயமாகாது.

சட்டம் தரும் பிடிமானம்

சிகிச்சை உரிமைக்கு இந்தியச் சட்டத்தில் உறுதியான அடிப்படைகள் உள்ளன.

1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி வழக்கு அவற்றுள் முதன்மையானது. இரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்ற ஒரு தொழிலாளியை மேற்கு வங்கத்தின் அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பை மீறுவதாகும் என்றும், நிதி இல்லை என்பதைக் காரணமாகச் சொல்ல முடியாது என்றும் நீதிமன்றம் கூறி, 25,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. நோயாளியின் நிலையைச் சீராக்கும் அளவுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வசதி வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் பகுதி. எண்ணூரில் ஆக்சிஜன் கேட்பவர் பற்றிக்கொள்ளவேண்டியது இந்த வரியைத்தான்.

1995இல் வந்த நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மைய வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் வாழும் உரிமையின் பகுதி என்று கூறப்பட்டது. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும், வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்கவேண்டும் என ஆணையிடப்பட்டது. நோய் தாமதமாக வரும், ஆகவே பதிவு நீண்டகாலம் இருக்கவேண்டும் என்ற அறிவு அந்த ஆணையில் இருக்கிறது.

சாதி காரணமாக மருத்துவமனையிலோ, மருந்தகத்திலோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நுழைவதைத் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவின் கீழ்க் குற்றம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் தீண்டாமையின் பேரில் மருத்துவமனையில் அனுமதி மறுப்பதைத் தண்டிக்கிறது. இப்பிரிவுகள் இருப்பதே பல நிலையங்களின் பணியாளர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

சட்டத்தின் ஓட்டையையும் மறைக்காமல் சொல்வோம். 1995ஆம் ஆண்டின் வி.பி.சாந்தா தீர்ப்பின்படி, அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையின் கவனக்குறைவுக்கு எதிராக நுகர்வோர் நீதிமன்றம் செல்ல முடியாது. சிலரிடம் கட்டணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில் இலவச நோயாளிக்கும் அவ்வுரிமை உண்டு. காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்கும் சிகிச்சையும் அவ்வாறே. இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எதிராக நுகர்வோர் வழக்கு நிற்கும் என 2007இல் கிஷோர் லால் வழக்கில் தீர்மானமாயிற்று. இதன் விளைவைப் பாருங்கள்: எந்த அட்டையும் இல்லாமல் இலவச நிலையத்தை மட்டுமே நம்பியிருக்கும் மிக ஏழை நோயாளிக்கே விரைவான, செலவு குறைந்த நீதிமன்றத்தின் கதவு மூடியிருக்கிறது. அவர் உரிமையியல் நீதிமன்றத்திற்கோ உயர்நீதிமன்றத்திற்கோதான் செல்லவேண்டும். ஆகவே அட்டை எடுத்துத் தருவதும், இ.எஸ்.ஐ. பதிவைப் பெற்றுத் தருவதும், சிகிச்சையோடு சேர்த்து வழக்காடும் உரிமையையும் பெற்றுத் தரும் செயல்களாகும்.

நாம் கேட்கவேண்டியவை

வடசென்னையின் தேவையிலிருந்து ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: நலவாழ்வு மையங்களின் மாலை நேரப் பணி உறுதி செய்யப்படவேண்டும். மருத்துவரின் பெயரும் வருகையும் வாசலில் அன்றாடம் எழுதப்படவேண்டும்.

இரண்டு: திருவொற்றியூர், மணலி மண்டலங்களில் குறைந்தது சில நிலையங்களாவது 24 மணிநேரமும், வாயுக் கசிவை எதிர்கொள்ளும் பயிற்சியோடும் ஆக்சிஜனோடும் இயங்கவேண்டும்.

மூன்று: எல்லாப் புறநோயாளிச் சீட்டுகளிலும் தொழில், பணியிடம் என இரண்டு கட்டங்கள் சேர்க்கப்படவேண்டும். தொகுக்கப்பட்ட தகவல், தனிநபர் அடையாளமின்றி, மக்களுக்கு வெளியிடப்படவேண்டும்.

நான்கு: மாநகராட்சியும் பொதுத்துறை நிறுவனங்களும் துறைமுகங்களும், தொழிலாளர்களின் இ.எஸ்.ஐ. கட்டணச் சீட்டைச் சரிபார்க்காமல் எந்த ஒப்பந்தக்காரருக்கும் பணம் வழங்கக்கூடாது.

ஐந்து: முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கும் காப்பீட்டு அட்டை கிடைக்க, குடியிருப்புகளிலும் பணியிடங்களிலும் முகாம்கள் நடத்தப்படவேண்டும்.

இவற்றைக் கேட்கக் காத்திருக்கத் தேவையில்லை. 2022 நவம்பர் முதல் நகர்ப்புற வட்டங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கியிருக்கின்றன. உங்கள் வட்ட நிலையத்தைப் பற்றிய கேள்வியை அங்கே எழுப்பலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில், எத்தனை மருத்துவர் பணியிடங்கள் காலி, கடந்த ஆண்டு எந்தெந்த மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை, எத்தனை தொழில்சார் நோய்கள் ஆய்வாளருக்குத் தெரிவிக்கப்பட்டன என்று கேட்கலாம். 30 நாளில் பதில் வரவேண்டும். கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்ற பதில் வந்தாலும் அதைப் பத்திரப்படுத்துங்கள். அதுவும் ஒரு சாட்சியமே. நோயாளிகளிடம் ஒன்று சொல்லுங்கள்: மருத்துவர் கேட்காவிட்டாலும், தாம் செய்யும் வேலையைச் சொல்லிச் சீட்டில் எழுதும்படி கேட்கட்டும்.

ஸ்டான்லி மருத்துவமனையை முதியவர்கள் இன்றும் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 1780களின் பஞ்சத்தில் பட்டினியால் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து தோன்றிய மருத்துவமனை அது. தருமமாகத் தொடங்கியது அரசின் கடமையாக மாற ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. ஜெயச்சந்திரனும் திருவேங்கடமும் தம் வாழ்நாள் முழுவதும் அந்தக் கடமையின் விடுபட்ட பகுதியைத் தனி மனிதர்களாகச் சுமந்தார்கள். நல்ல மனிதர்கள் கிடைப்பார்களா என்று ஒரு தெரு காத்திருக்கும் நிலை இனியும் நீடிக்கலாகாது. அவர்கள் மாலை நேரத்தில் திறந்து வைத்த கதவை, எவர் இறந்தாலும் மூடாதபடி, சட்டத்தின் கதவாக மாற்றுவது நம் தலைமுறையின் வேலை.